இளைப்பாற வந்த மலை

மலை ஒரு புதன்கிழமை வந்து உட்கார்ந்தது. புதன்கிழமை அந்தச் சாலையோர நிலையத்துக்கு வார விடுமுறை என்பதால் அது வந்ததை யாரும் பார்க்கவில்லை. வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு மேனேஜர் குசகாபே கதவைத் திறக்கச் சாவியை எடுத்தபோது, எதிரே லாரிகள் நிறுத்தும் இடத்தில், மூன்றாம் கட்டத்திலிருந்து பதினொன்றாம் கட்டம் வரைக்கும் அடைத்துக்கொண்டு கசாயாமா மலை உட்கார்ந்திருந்தது. தலையில் அதன் சின்னக் கோயில் இருந்தது, தோள்களில் தேவதாரு மரங்கள் இருந்தன, முந்தாநாள்வரை பள்ளத்தாக்கின் தென்கோடியில் விழுந்துகொண்டிருந்த அதன் அருவி இப்போது முழங்கால்களுக்கு நடுவே சத்தமில்லாமல் கசிந்துகொண்டிருந்தது. நானூறு மீட்டர் உயரம் நின்ற மலை ஒன்பது லாரிகளின் இடத்தில் எப்படி அடங்கியது என்று குசகாபே யோசிக்கவில்லை. உட்கார்ந்தால் எல்லோருமே கொஞ்சம் சிறுத்துத்தான் போகிறோம். அவர் கவனித்தது வேறு. மலையின் இடது பாதம் பதினொன்றாம் கட்டத்தின் வெள்ளைக்கோட்டைத் தாண்டி முக்கால் அடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. உள்ளே போய் ஆரஞ்சுக் கூம்புகள் ஏழெட்டை எடுத்துவந்து பாதத்தைச் சுற்றி வைத்தார். ஒரு அட்டையில், 'ஓய்வெடுத்துக்கொண்டிருக்கிறது, தயவுசெய்து சத்தம் போட வேண்டாம்' என்று எழுதி மாட்டினார். பிறகு கடையைத் திறந்தார்.

ஜப்பானில் மலைச்சாலைகளை ஒட்டி இப்படிப்பட்ட நிலையங்கள் உண்டு. ரயில் வராத ஸ்டேஷன்கள். வண்டி ஓட்டிக் களைத்தவர்கள் நிறுத்திவிட்டுக் கைகால் கழுவி, சூடாக ஒரு கிண்ணம் சோபா நூடுல்ஸ் சாப்பிட்டு, சுற்றுவட்டாரத்து விவசாயிகள் காலையில் கொண்டுவந்து வைத்த முள்ளங்கியையும் காளானையும், அங்கேயே முடைந்த மூங்கில் தட்டுகளையும் வாங்கிக்கொண்டு, பின்கூடத்துப் பாய்விரிப்பில் அரைமணி நேரம் கண்ணயர்ந்துவிட்டுப் போகலாம். இளைப்பாற வருகிறவர் யார், எங்கிருந்து வருகிறார், ஏன் களைத்தார் என்று அங்கே கேட்பதில்லை. எனவே மலையிடமும் யாரும் கேட்கவில்லை.

முதல் வாரம் கொஞ்சம் குழப்பம் இருந்தது. லாரிக்காரர்கள் இடம் போதவில்லை என்று முணுமுணுத்தார்கள், ஆனால் மலைக்குப் பக்கத்தில் நிறுத்தித் தூங்கினால் கனவே வருவதில்லை என்று ஒருவர் சொல்ல, மறுநாளிலிருந்து அந்தப் பக்கத்து இடத்துக்குத்தான் போட்டி. ஒவ்வொரு நிலையத்திலும் ஒரு நோட்டில் முத்திரை குத்திக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். இந்த நிலையத்து முத்திரையில் மலை கட்டடத்துக்குப் பின்னால் இருக்கிறது, உண்மையில் முன்னால் அல்லவா இருக்கிறது என்று அவர்கள் குறைசொன்னதால் குசகாபே புது முத்திரை செய்யக் கொடுத்தார். மூட்டுவலியால் பத்து வருடமாகக் கோயிலுக்கு ஏற முடியாமல் இருந்தவர்கள், கார் நிறுத்துமிடத்திலிருந்து இருபது படி ஏறிக் கும்பிட்டுவிட்டு, இறங்கிவந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டார்கள். பதினோரு நிமிடத்துக்கு ஒருமுறை மலை ஒரு மூச்சு விட்டது, அப்போது கண்ணாடிக் கதவுகளில் பனி படர்ந்தது, அதைத் துடைக்க ஒரு துணி வாசலில் தொங்கவிடப்பட்டது. குளிர் இறங்கியதும் கைவினைப் பிரிவுப் பெண்கள் ஐந்து பேர் பதினெட்டு நாள் உட்கார்ந்து வைக்கோலில் ஒரு நீளப் பாய் முடைந்து மலையின் முழங்காலில் போர்த்திவிட்டார்கள். மலை நன்றி சொல்லவில்லை, அவர்களும் எதிர்பார்க்கவில்லை.

அந்த நிலையத்துக்கு மாதாமாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை இரண்டு தமிழர்கள் வருவார்கள். ஒருத்தி இசக்கியம்மாள், தெற்கே இரண்டரை மணி நேரம் தள்ளி ஒரு நகரத்து முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளர். மற்றவர் அவள் கணவர் சுடலைமுத்து, வடக்கே மூன்று மணி நேரம் தள்ளிக் கடற்கரையில், கானாங்கெளுத்தி மீனை வகிர்ந்து பெட்டியிலடைக்கும் தொழிற்சாலையில் வேலை. இருவருக்கும் சொந்த ஊர் சுரண்டைப் பக்கம். கல்யாணமாகி ஆறு வருடம், அதில் ஒரே கூரைக்குக் கீழே இருந்தது பதினான்கு மாதம். ஒரே நாட்டில் வேலை கிடைத்துவிட்டது என்று சந்தோஷமாகக் கிளம்பி வந்தவர்கள், அந்த நாடு எவ்வளவு நீளம் என்று வந்த பிறகுதான் தெரிந்துகொண்டார்கள். இரண்டு பேருக்கும் நடுவில் பஸ் நிற்கும் இடம் என்று பார்த்தால் இந்த நிலையம்தான் இருந்தது. பதினொரு மணிக்கு அவள் பஸ் வரும், பதினொன்றே காலுக்கு அவர் பஸ். மூன்றரை மணிக்கு இரண்டும் திரும்பிவிடும்.

அந்த நாலு மணி நேரத்தில் சுடலைமுத்து தூங்குவார்.

அதுதான் இசக்கியின் துயரம். வந்ததும் அவள் இரண்டு கிண்ணம் சோபா வாங்குவாள், பையிலிருந்து இட்லிப்பொடி டப்பாவை எடுத்து இரண்டிலும் தூவுவாள், அவர் நாலு வாய் சாப்பிடுவதற்குள் கண் சொருகும். பின்கூடத்துப் பாயில் போய்ச் சாய்ந்தால் மூன்றே காலுக்கு அவள் உலுக்கி எழுப்புகிறவரை அசையமாட்டார். விரல்களில் எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத மீன்வாடை. மாதம் முழுக்க அவரிடம் சொல்ல என்று சேர்த்துவைத்த பேச்சையெல்லாம் அவர் முதுகுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மனசுக்குள் சொல்லிமுடித்துவிட்டு, அவருடைய மிச்ச நூடுல்ஸையும் அவளே சாப்பிடுவாள். நிலையத்தில் எல்லோருக்கும் அவர்களைத் தெரியும். அவளை மரியாதையாக 'இசாகி சான்' என்பார்கள். ஜப்பானில் இசாகி என்பது ஒரு மீனின் பெயர். மீன்காரனுக்கு மீன் பெயரில் மனைவி என்று அவர்கள் சிரிப்பார்கள், அவளும் சிரித்துவைப்பாள்.

மலை வந்த மாதம் சுடலைமுத்து பஸ்ஸிலிருந்து இறங்கி ஒருதரம் நிமிர்ந்து பார்த்தார்.

"மல வந்து உக்காந்திருக்கு போல."

"ஆமா, போன வாரம் வந்துச்சாம்."

"உக்காரட்டும், பாவம்," என்றார். அன்றைக்கு நூடுல்ஸில் கையே வைக்காமல் தூங்கப் போய்விட்டார்.

டிசம்பரில் அவளுக்குப் பொறுக்கவில்லை. அவளிடம் ஒரு நல்ல செய்தி இருந்தது. பராமரிப்பாளர் பரீட்சையில் தேறிவிட்டாள், இனி எத்தனை வருடம் வேண்டுமானாலும் இருக்கலாம், கணவரையும் தன்னோடு வைத்துக்கொள்ளலாம், அவர் வேலைக்குப் போகவேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. இதை ஃபோனில் சொல்லக்கூடாது, முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டும் என்று இருபது நாளாக அடக்கிவைத்திருந்தாள். ஒரு மணிக்கு அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"எந்திரிங்க. நான் என்ன சொவர் பாக்கவா வாரேன்? எந்திரிங்கன்னா."

அவர் எழுந்து உட்கார்ந்து முகத்தைத் தேய்த்துக்கொண்டார். அவள் வாயைத் திறப்பதற்குள் அவர் சொன்னார்.

"மார்ச்சோட கான்ட்ராக்ட் முடியுது இசக்கி. நான் ஊருக்குப் போறேன். கையெழுத்துப் போட்டுட்டேன்."

"எங்கிட்ட கேக்காமயா?"

"கேக்கணும்னுதான் வந்தேன். போன மாசமும் கேக்கணும்னுதான் வந்தேன். அதுக்கு முந்துன மாசமும்."

"வந்து தூங்குனிய."

"ஆமா," என்றார் அவர்.

அவள் செய்தியைச் சொல்லவில்லை. பரீட்சையில் தேறியதைச் சொன்னால், உனக்கு வழி பிறந்துவிட்டது, இனி நான் எதற்கு என்று அவர் சொல்லிவிடுவாரோ என்று பயம். மூன்றரை மணிக்கு அவர் வடக்குப் பஸ்ஸில் ஏறினார், அவள் தெற்குப் பஸ்ஸில் ஏறினாள், இரண்டு பஸ்ஸும் மலையைச் சுற்றிக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் போயின.

ஜனவரியில் சாலை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. பனிவாரும் வண்டிகள் நிறுத்த இடம் வேண்டும் என்றும், எந்த வாகனமும் மூன்று நாளுக்கு மேல் நிறுத்தக்கூடாது என்பது விதி என்றும், 'மேற்படி மலைப்பாங்கான வாகனத்தை' மாதக் கடைசிக்குள் அகற்றவேண்டும் என்றும் பணிவாக எழுதியிருந்தார்கள். குசகாபே அதை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இரண்டாவது ஞாயிறு காலை, மூங்கில் தட்டுகளும் மரப்பொம்மைகளும் அடுக்கியிருந்த கைவினைப் பிரிவில் நாற்காலிகள் போட்டு ஊர்க்கூட்டம் கூட்டினார். அதற்கு முன்பே ஒருமுறை திருவிழா மேளத்தைக் கொண்டுவந்து மலையின் காதருகே அடித்துப் பார்த்திருந்தார்கள். இன்னொருமுறை கயிறு கட்டி இரண்டு டிராக்டர்களால் இழுத்துப் பார்த்தார்கள். கயிறுதான் அறுந்தது.

கூட்டத்தில் இரண்டு ஊர்கள் எதிரெதிராக உட்கார்ந்திருந்தன. மலை இருந்த இடத்துக்கு வடக்கே ஹிகாகே என்ற சிற்றூர். ஹிகாகே என்றால் நிழல் என்று அர்த்தம். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை மலையின் நிழலிலிருந்து அது வெளியே வந்ததே இல்லை. இப்போது முதல்முறையாகக் குளிர்காலத்தில் அங்கே வெயில் அடித்தது. மலைக்குத் தெற்கே மினாமி என்ற ஊர். அங்கே ஸ்ட்ராபெரி வளர்க்கிறார்கள். மலை தடுத்துவைத்திருந்த வடக்குக் காற்று இப்போது நேராக வந்து இறங்கி, பிளாஸ்டிக் குடில்களின் கூரைகளைப் பிய்த்துக்கொண்டு போனது.

"மலை திரும்பிப் போகணும்," என்றார் மினாமிக்காரர் ஒருவர். "பன்னிரண்டு குடில் போச்சு. என் பெண்டாட்டி ராத்திரி காற்றுச் சத்தம் கேட்டாலே எழுந்து உட்கார்ந்துவிடுகிறாள்."

ஹிகாகேயின் தோமியே அறுபது வயதுக்காரி. கீரையும் பூசணியும் பொதிந்த ஓயாகிக் கொழுக்கட்டைகளை நிலைய வாசலில் சுட்டு விற்பவள். எழுந்து நின்றாள்.

"நான் கல்யாணமாகி வந்ததிலிருந்து குளிர்காலத்தில் மெத்தையை அடுப்புக்குப் பக்கத்தில்தான் காயவைத்தேன்," என்றாள். "இந்த வருடம் வெளியே போட்டேன். சாயங்காலம் எடுத்து முகத்தை வைத்துப் படுத்தேன். உங்களுக்கெல்லாம் அந்த வாசனை தெரியும். எனக்கு இதுவரை தெரியாது." அவ்வளவுதான் சொன்னாள். உட்கார்ந்துவிட்டாள்.

அந்த நேரத்தில்தான் இசக்கி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். குசகாபே அவளைப் பார்த்தார்.

"இசாகி சான், உங்கள் இல்லத்தில் எழுந்திருக்க முடியாதவர்களை எப்படி எழுப்புகிறீர்கள்?"

அவள் களைத்திருந்தாள். முந்தின வாரம் மூன்று பேர் லீவு, அவர்கள் வேலையையும் சேர்த்துப் பார்த்திருந்தாள். கணவர் இன்றைக்கு வருவாரா என்பதே அவளுக்குத் தெரியவில்லை. இருந்தாலும் கேட்டது அவளுக்குத் தெரிந்த வேலை.

"நாங்கள் எழுப்புவதில்லை," என்றாள். "கையைப் பிடித்து இழுத்தால் உடம்பு பின்னால்தான் சாயும். கால் இரண்டையும் உள்ளே இழுத்து வைக்கவேண்டும். முன்னால் இடம் விடவேண்டும். எழுந்திருக்கிறவர் முதலில் நன்றாகக் குனியவேண்டும், குனிந்தால் இடுப்பு தானாக எழும்பும். நாங்கள் பக்கத்தில் நின்று முதுகில் கை வைத்திருப்போம், அவ்வளவுதான்."

எல்லோரும் அவளோடு வெளியே வந்தார்கள். முன்வரிசைக் கார்களையெல்லாம் எடுக்கச் சொன்னாள். வைக்கோல் பாயை விலக்கச் சொன்னாள். பிறகு தனியாக மலைக்குப் பின்னால் போய், பனி மூடிய சரிவில் கையுறையைக் கழற்றிவிட்டு உள்ளங்கையை வைத்தாள். மலை தூங்கவில்லை என்பது கை வைத்ததுமே தெரிந்தது. நாள் முழுக்க ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் முதியவர்களின் முதுகும் இப்படித்தான் இருக்கும்.

இல்லத்தில் கேட்பதுபோலவே மரியாதையாகக் கேட்டாள். "எழுந்திருக்கலாமா? இல்லை, இன்னும் கொஞ்சம் உட்கார்ந்திருக்கவேண்டுமா?"

மலைக்குப் பதினோரு நிமிடத்துக்கு ஒரு மூச்சு என்பதால், பதிலுக்கும் அவ்வளவு நேரம் ஆகும் என்று எல்லோருக்கும் புரிந்தது. கைகளைக் கக்கத்தில் சொருகிக்கொண்டு நின்றார்கள். பனியால் அரைமணி நேரம் பிந்தி வடக்குப் பஸ் வந்து நின்றது, சுடலைமுத்து இறங்கினார். கூட்டத்தைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், பனியை மிதித்துக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் நின்றார்.

"என்னட்டி செய்யுத?"

"எழுப்பச் சொன்னாவ. அதான் கேட்டுட்டு நிக்கேன்."

"என்ன கேட்ட?"

"எந்திக்கியா, இன்னுங்கொஞ்சம் உக்காரணுமான்னு."

சுடலைமுத்துவும் கையை எடுத்துச் சரிவில் வைத்தார்.

"எங்கிட்ட ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லயே நீ," என்றார்.

குறையாகச் சொல்லவில்லை, மழை வரும் போலிருக்கிறது என்பதுபோலச் சொன்னார். இசக்கி வருடம் முழுக்க மற்றவர்களிடம் தினம் முப்பது தடவை கேட்கிற கேள்வி அது.

பன்னிரண்டடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது, மலை இடது பாதத்தை மெல்ல இழுத்து உள்ளே வைத்தது. கூம்புகள் இரண்டு உருண்டன. பிறகு வலது பாதம்.

"சரி என்கிறது," என்றாள் இசக்கி. "எழுந்து எங்கே போகும் என்று என்னைக் கேட்காதீர்கள். அதை அதுதான் சொல்லவேண்டும். யாரும் இழுக்கக்கூடாது. எல்லோரும் வந்து முதுகில் கை வையுங்கள்."

மினாமிக்காரர்கள் வந்தார்கள். ஹிகாகேக்காரர்கள் தயங்கி நின்றார்கள். தோமியே மாவுக் கைகளை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு முதலில் நடந்துவந்தாள். "வந்தவர் களைப்புத் தீர்ந்து போகும்போது கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பது மரியாதையா?" என்று யாரிடமோ எரிச்சலாகச் சொன்னாள். அவள் கண்கள் நனைந்திருந்தன. அவளுக்குப் பின்னால் மற்றவர்களும் வந்தார்கள். நம் ஆட்கள் பாரம் தூக்கும்போது ஐலசா என்பதுபோல, ஜப்பானியர்கள் 'ஸேனோ' என்பார்கள். நாற்பது ஐம்பது பேரும், லாரிக்காரர்களும், முத்திரை குத்த வந்தவர்களும் சேர்ந்து, "ஸே... னோ" என்றார்கள்.

மலை குனிந்தது. மரங்களிலிருந்து பனி மொத்தமாகச் சரிந்து விழுந்தது. அவ்வளவு தாழ்வாகத் தன்னை நோக்கி ஒருவர் குனிந்தால் பதிலுக்குக் குனிந்தே பழகிய, எதிரே வாசலில் நின்றிருந்த குசகாபே, தன்னையறியாமல் இரண்டு கைகளையும் தொடையோடு ஒட்டி, இடுப்பு வளையக் குனிந்தார். அவர் நிமிர்ந்தபோது மலை நின்றுகொண்டிருந்தது, நானூறு மீட்டர். இரண்டே எட்டில் பள்ளத்தாக்கின் ஆற்றைத் தாண்டியது. கோயில் மணி தலைக்கு மேலே எங்கோ மேகத்துக்குள் ஆடிக்கொண்டே போனது.

அது தன் பழைய இடத்துக்குத்தான் போனது, ஆனால் முன்பு நின்ற குழியில் நிற்காமல் கிழக்கே கொஞ்சம் ஒதுங்கி நின்றுகொண்டது. வேண்டுமென்று செய்ததா, கால் அங்கேதான் விழுந்ததா என்று யாருக்கும் தெரியாது. அதற்குப் பிறகு ஹிகாகேக்குக் குளிர்காலத்தில் நடுப்பகலுக்கு மேல் ஒன்றரை மணி நேரம் வெயில் கிடைத்தது. மினாமியில் வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ கூரை பறந்தது. கூட்டத்தில் பேசி முடிவெடுத்திருந்தால் இரண்டு ஊரும் இதற்குச் சம்மதித்திருக்காது. மலையிடம் சண்டைபோடத் தெம்பில்லாமல் சம்மதித்தார்கள். ஒன்றரை மணி நேரத்தில் ஒரு பக்கம்தான் காயும் என்று தோமியே சொல்வாள், ஆனால் சொல்லிக்கொண்டே மெத்தையை எடுத்துக்கொண்டு ஓடுவாள்.

காலியாகிவிட்ட நிறுத்துமிடத்தின் ஓரத்துப் பெஞ்சில் இசக்கியும் சுடலைமுத்தும் உட்கார்ந்தார்கள். தோமியே இரண்டு ஓயாகியைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

"கேக்கேன்," என்றாள் இசக்கி. "எந்திக்கியளா, இன்னும் உக்காரணுமா?"

"உக்காரணும்ட்டி. ஒரு மாசமோ ரெண்டு மாசமோ, யாரும் எழுப்பாம. ஊருக்குப் போனாலும் உக்கார விடமாட்டாவ. சப்பான்லருந்து வந்தவன்னு நாலு பேர் நாலு வேல சொல்லுவாவ. எனக்கு வேற எடம் தெரியல, அதான் போறேன்னேன்."

அவள் அப்போதுதான் பரீட்சையைப் பற்றிச் சொன்னாள். ரூம் சின்னது, ஆனால் ஜன்னல் இருக்கிறது, நான் காலையில் போனால் சாயங்காலம்தான் வருவேன், அதுவரை யாரும் உங்களை எழுப்பமாட்டார்கள் என்றாள்.

"பொண்டாட்டி ஒழைக்க உக்காந்து திங்கான்னு சொல்லமாட்டாவளா?"

"ரெண்டு மாசமா மல உக்காந்திருந்துச்சி. யாராவது ஒரு வார்த்த சொன்னாவளா?"

சுடலைமுத்து கொழுக்கட்டையை முழுவதும் சாப்பிட்டார். மார்ச்சுவரை வேலை இருக்கிறதே என்றார். பிறகு, நாளைக்கு மட்டும் லீவு சொல்லிப் பார்க்கிறேன், மூணு வருசத்துல ஒரு லீவு எடுத்ததில்ல என்றார். ஃபோனை எடுத்து, தெரிந்த ஜப்பானிய மொழியில், உடம்புக்கு ஒன்றுமில்லை, களைப்பாக இருக்கிறது, நாளை வரவில்லை என்று மூன்று தடவை சொன்னார். கடைசியில் 'நல்லா ஓய்வெடுங்கள்' என்றார்கள் போல. அவர் ஃபோனைப் பார்த்துத் தலையாட்டினார்.

மூன்றரை மணிக்கு வடக்குப் பஸ் அவரில்லாமல் போனது. அவர் தெற்குப் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். அவர் தன் தோளில் சாய்ந்து தூங்குவார், இறங்கும்போது எழுப்பவேண்டும் என்று இசக்கி தயாராக நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஆனால் அவர் பேச ஆரம்பித்தார். மீன் வகிரும் கத்தியைப் பற்றி, காதுக்குள் ஓயாமல் ஓடும் மெஷின் சத்தத்தைப் பற்றி, பக்கத்து மேசை வியட்நாம்காரன் அழாமல் இருப்பதற்காகப் பாடுகிற பாட்டைப் பற்றி, பெட்டிமேல் பெட்டியாகக் கடந்துபோகிற மீன் கண்களைப் பற்றி, மூன்று வருடத்துப் பேச்சையும் தாழ்ந்த குரலில் ஒவ்வொன்றாக எடுத்துவைத்தார். இசக்கி ம் கொட்டினாள். இரண்டாவது சுரங்கம் தாண்டும்போது ம் நின்றுவிட்டது. தலை அவர் மேல் சரிந்தது. மூன்று வருடமாக எல்லோருக்கும் முன்னால் எழுந்து எல்லோருக்கும் பின்னால் படுத்தவள், வாய் லேசாகத் திறந்திருக்க, ஆழ்ந்து தூங்கினாள்.

சுடலைமுத்து குரலை இன்னும் தாழ்த்திக்கொண்டு பேசிக்கொண்டே இருந்தார். நகரம் வந்தது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆட்கள் இறங்கினார்கள். அவள் எங்கே இறங்கவேண்டும் என்று அவருக்குத் தெரியாது. அவள் இருக்கும் ஊருக்கு அவர் வந்ததே இல்லை. எழுப்பிக் கேட்கலாம். அவர் எழுப்பவில்லை. பஸ் கடைசி நிறுத்தம்வரை போனது.